4 மடங்கா, 16 மடங்கா, தாவலா: நீண்ட பயணத்தில் ஆட்டோபைலட் தடுமாறினால் எந்த வழி நல்லது?

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே வரை ஏறக்குறைய 3,000 கடல் மைல். நிஜ விமானத்துக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். அதே பயணத்தை ஃப்ளைட் சிமுலேட்டரில் ஓர் இரவுக்குள் முடிக்க நினைப்பவர் நேரத்தை வேகப்படுத்தித்தான் ஆக வேண்டும். 2 மடங்கில் வித்தியாசம் எதுவும் தெரியாது. 4 மடங்கில் சில கணினிகளில் இறக்கை லேசாக இடமும் வலமும் சாயும். 8, 16 என்று ஏற்றும்போது அந்தச் சாய்வு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பெருகும். கடைசியில் விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் கழன்றுகொள்ளும், இல்லாவிட்டால் ஓவர்ஸ்பீட் எச்சரிக்கை அலறும்.

இந்த இடத்தில் பலரும் விமானத்தை உருவாக்கியவர் மேல்தான் பழி போடுகிறார்கள். விமானத்தை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அப்படிச் செய்தும் ஆட்டம் நிற்காது, ஏனென்றால் காரணம் பெரும்பாலும் விமானத்தில் இல்லை. அதைப் புரிந்துகொண்டால் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதும் கிட்டத்தட்ட தானாகவே விளங்கிவிடும். அதனால் முதலில் காரணத்தைப் பார்ப்போம்.

பல சிமுலேட்டர்களில் ஆட்டோபைலட் ஒரு பிரேமுக்கு, அதாவது கணினி திரையில் வரையும் ஒரு படத்துக்கு, ஒரு தடவைதான் கணக்குப் போடுகிறது. கணினி நொடிக்கு 30 பிரேம் ஓட்டுகிறது என்றால், சாதாரண வேகத்தில் ஆட்டோபைலட் ஒரு நொடிக்கு 30 தடவை விமானத்தின் நிலையைப் பார்த்துத் திருத்துகிறது. 16 மடங்கு வைத்தால் கணினி ஒன்றும் 16 மடங்கு வேகமாகிவிடாது. பிரேம் அதே 30தான், இன்னும் சொன்னால் சுமை கூடிக் குறையத்தான் செய்யும். ஆனால் அந்த ஒரு நொடிக்குள் விமானத்துக்கு 16 நொடி ஓடிவிடுகிறது. விமானத்தின் ஒரு நொடிக்கு ஆட்டோபைலட் இரண்டு தடவைகூடப் பார்ப்பதில்லை. அரை நொடிக்கு ஒருமுறை மட்டும் கண்ணைத் திறந்து பைக் ஓட்டுவது போன்ற நிலை அது. சாய்வைப் பார்த்து, இறக்கை நுனியில் அதைத் திருத்தும் எய்லரானைத் திருப்புவதற்குள் விமானம் மறுபக்கம் போயிருக்கும். திருத்தம் தாமதமாக வந்து சேர்ந்து, சாய்வைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். கட்டுப்பாட்டுப் பொறியியலில் ஃபேஸ் மார்ஜின் என்று ஓர் அளவு உண்டு. தாமதத்தை எவ்வளவு தூரம் தாங்க முடியும் என்பதைச் சொல்லும் கையிருப்பு என்று அதை எடுத்துக்கொள்ளலாம். நன்றாக அமைத்த ஆட்டோபைலட்டில் இது 45 முதல் 60 டிகிரி வரை இருக்கும். 30 பிரேமில் 16 மடங்கு வைத்தால் இரண்டு பார்வைகளுக்கு நடுவே 0.53 நொடி. கணக்குப் போட ஆகும் ஒரு பிரேமையும் சேர்த்தால் சராசரித் தாமதம் சுமார் 0.8 நொடி. நொடிக்கு 1 ரேடியன் அளவில் வேலை செய்யும் ஒரு சாய்வுக் கட்டுப்பாட்டுக்கு இந்தத் தாமதம் 46 டிகிரியைத் தின்றுவிடும். கையிருப்பு கிட்டத்தட்ட காலி. அதே கணினியில் 4 மடங்கு வைத்தால் தாமதம் 0.2 நொடி, இழப்பு 11 டிகிரி சொச்சம். தாங்கிக்கொள்ளலாம்.

ஆகவே, மடங்கை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பிரேமை மடங்கால் வகுத்துப் பாருங்கள். 60 பிரேமில் 4 மடங்கு என்றால் விமானத்தின் ஒரு நொடிக்கு 15 பார்வை. 30 பிரேமில் 4 மடங்கு, 7.5. 60 பிரேமில் 16 மடங்கு, 3.75. 30 பிரேமில் 16 மடங்கு என்றால் 1.9. நான் வைத்திருக்கும் எல்லை ஏழெட்டுப் பார்வை. அதற்குக் கீழே போனால் ஆட்டோபைலட்டை நம்பி எழுந்து போக மாட்டேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டிஎல்எஸ்எஸ் போன்ற வரைகலை வசதிகளின் பிரேம் ஜெனரேஷனைப் போட்டிருந்தால் திரையில் தெரியும் எண்ணை நம்பக் கூடாது. நடுவில் சேர்க்கப்படும் பிரேம்கள் கண்ணுக்காக வரையப்படுபவை. அவற்றில் பறப்புக் கணக்கு எதுவும் நடப்பதில்லை. திரையில் 80 என்று காட்டினால் நிஜக் கணக்கு 40 ஆக இருக்கலாம். அந்த வசதியை ஒரு நிமிடம் அணைத்து, உண்மையான எண்ணைக் குறித்துக்கொண்டு பிறகு வகுங்கள்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. ஆடுவது எது என்று கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் எல்லா ஆட்டமும் ஒரே வகை இல்லை. விமானம் இடமும் வலமும் சாய்ந்து சாய்ந்து போகிறதா? வழித்தடத்தைப் பின்பற்றும் முறையிலிருந்து, மூக்கை ஒரே திசையில் பிடித்துப் போகும் ஹெடிங் முறைக்கு மாற்றிப் பாருங்கள். உடனே அடங்கினால், வழித்தடத்தோடு ஒட்டிப் போகச் சொல்லும் வெளிச் சுற்றுதான் தடுமாறுகிறது. ஹெடிங்கிலும் ஆடினால் உள்ளே இருக்கும் சாய்வுக் கட்டுப்பாட்டுக்கே பார்வை போதவில்லை. அப்போது வரைகலை அமைப்புகளைக் குறைத்து பிரேமை ஏற்றிப் பாருங்கள். ஆட்டம் சிறிதானால் சந்தேகமே வேண்டாம். அப்படியே ஜாய்ஸ்டிக்கையும் ஒருமுறை பாருங்கள். பழைய ஜாய்ஸ்டிக்கின் அச்சு, கை வைக்காமலே நடுங்கிக்கொண்டிருக்கும். சாதாரண வேகத்தில் தெரியாத அந்த நடுக்கம் வேகப்படுத்தும்போது தொந்தரவாகலாம். நடுவில் சிறு அசைவுகளைக் கண்டுகொள்ளாத டெட் ஸோனைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

சாய்வு சரியாக இருந்து வேகமும் மூக்கும் மட்டும் ஏறி இறங்கினால் காற்றைச் சந்தேகியுங்கள். வெளியிலிருந்து வானிலையைத் தரும் நிரல் கடிகாரப்படி ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை காற்றைப் புதுப்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 16 மடங்கில் அந்த ஒரு நிமிடத்துக்குள் 450 நாட் (மணிக்கு 450 கடல் மைல்) வேகத்தில் போகும் விமானம் 120 கடல் மைல் தாண்டிவிடும். படிப்படியாக வர வேண்டிய காற்று மாற்றம் ஒரே அடியாக வந்து விழும். ஏ321எல்ஆர் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெட்புளூ நிறுவனம் 2021இலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே ஓட்டும் விமானம் அது. மாக் 0.78இல், அதாவது ஒலி வேகத்தின் 0.78 பங்கில் பறக்கிறது, மேல் எல்லை 0.82. நடுவில் இருக்கும் இடைவெளி 35,000 அடியில் வெறும் 23 நாட் அளவுதான். அட்லான்டிக் ஜெட் காற்றில் 20 நாட் மாற்றம் சாதாரணம். அது ஒரே நொடியில் வந்தால், எஞ்சின் விசையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் எந்த ஆட்டோத்ராட்டிலும் திணறத்தான் செய்யும். நிஜ வானிலையைக் கொண்டுவரும் லைவ் வெதரை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எஃப்எஸ்எக்ஸ், பிரிபேர்3டி சிமுலேட்டர்களை வைத்திருப்பவர்களுக்கு எஃப்எஸ்யுஐபிசி என்ற துணை நிரலின் காற்றுச் சீராக்கும் வசதி இதற்கென்றே இருக்கிறது.

சரி, இனி வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி, மடங்கை விடாமல் பிரேமை ஏற்றுவது. நடுக்கடலில் 35,000 அடியில் கட்டட விவரமும் போக்குவரத்து விமானங்களும் எதற்கு? மேகத் தரத்தைக் குறைத்து, காக்பிட்டிலிருந்து வெற்று வானத்தைப் பார்க்கும் கோணத்துக்கு மாற்றினால் பல கணினிகளில் பிரேம் கணிசமாக ஏறும். பிரேம் எல்லையை 30க்குப் பூட்டி வைத்திருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். காசு செலவில்லாத வழி. எல்லாச் சிமுலேட்டருக்கும் பொருந்தும். ஆனால் 30ஐ 60 ஆக்கினால்கூட உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு படிதான், 4 இருந்த இடத்தில் 8. அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரில் பிரேம் குறைவது இரட்டை நஷ்டம். நொடிக்கு 20 பிரேமுக்குக் கீழே போனால் அது சிமுலேட்டர் நேரத்தையே மெதுவாக்கிவிடும். அப்போது 4 மடங்கு என்று போட்டும் 4 மடங்கு கிடைக்காது. விமானம் கிடுகிடுவென நடுங்கினால், ஒரு பிரேமுக்கு எத்தனை தடவை பறப்புக் கணக்கு நடக்க வேண்டும் என்பதைக் கூட்டும் அமைப்பும் எக்ஸ்-பிளேனில் உண்டு. அதை 2, 3 என்று ஏற்றிப் பார்க்கலாம்.

இரண்டாவது வழி, 4 மடங்கோடு நிறுத்திக்கொண்டு, திருப்பத்துக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் 1க்கு வருவது. இதைக் கோழைத்தனமான சமரசம் என்று நினைப்பவர்கள் உண்டு. நேரக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அப்படித் தோன்றாது. நமது பயணத்தில் க்ரூஸ், அதாவது ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஒரே உயரத்தில் பறக்கும் பகுதி மட்டும் ஆறரை மணி நேரம், அதாவது 390 நிமிடம் என்று வைப்போம். 2 மடங்கில் 195 நிமிடம் மிச்சம். 4 மடங்கில் மேலும் 97 நிமிடம். 8 மடங்கில் மேலும் 49. 16 மடங்கில் மேலும் 24தான். ஒவ்வொரு படியிலும் ஆதாயம் பாதியாகிறது, ஆட்டோபைலட்டின் பார்வையும் பாதியாகிறது. கடைசி 24 நிமிடத்துக்காக மூன்று மணி நேரம் பறந்த பயணத்தைப் பணயம் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஃப்ளைபைவயர் குழு சிமுலேட்டருக்குச் செய்த இலவச ஏ320 விமானமும் இயல்பாகவே 4 மடங்கோடு நிறுத்திவிடுகிறது, கணினி திணறினால் தானாகவே மடங்கைக் குறைக்கவும் செய்கிறது. அதைச் செய்தவர்களும் இதே முடிவுக்கு வந்திருப்பது எனக்குத் தைரியம் தருகிறது.

அட்லான்டிக் பயணத்துக்கு இந்த வழி ரொம்பப் பொருத்தம். கடல் நடுவில் வழித்தடப் புள்ளிகள் மேற்கு 20, 30, 40, 50 டிகிரி என்று பத்து டிகிரிக்கு ஒன்றாக இருக்கும். 52 டிகிரி வடக்கில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே சுமார் 370 கடல் மைல். எதிர்காற்றில் போகும்போது ஐம்பது நிமிடத்துக்கு மேல். 4 மடங்கில் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம். ஆக, புள்ளிக்கு ஐந்து மைல் முன்னால் 1க்கு வந்து, திரும்பி, இறக்கை நேரான பிறகு மறுபடி 4க்குப் போவது என்பது பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை செய்யும் வேலை. நடுவில் ஒரு காபி போட்டுக்கொண்டு வரலாம். ஐரோப்பாவுக்குள் பறக்கும் குறுகிய பயணத்தில் இப்படி முடியாது. அங்கே புள்ளிகள் நெருக்கமாக வரும், கை ஓயாது.

மூன்றாவது வழி எக்ஸ்-பிளேனுக்கே உரியது. அதில் சிமுலேட்டர் நேரத்தை வேகப்படுத்துவது ஒன்று, தரை வேகத்தை மட்டும் பெருக்குவது இன்னொன்று. இரண்டாவதில் காற்றில் விமானத்தின் வேகம் மாறாது. சாய்வு, மூக்கு, உயரம் எல்லாம் சாதாரண நேரத்தில்தான் நடக்கும். தரையில் மட்டும் விமானம் நாலு மடங்கு தூரம் நகரும். ஹெடிங்கையும் உயரத்தையும் பிடித்துப் போகும் ஆட்டோபைலட்டுக்கு எதுவுமே நடக்காதது போல இருக்கும். கேட்கும்போது இதுவே முழுத் தீர்வு என்று தோன்றும், ஆனால் இரண்டு சிக்கல்கள். ஒன்று, எரிபொருள். நேரம் ஓடாததால் எஞ்சினும் அவ்வளவு எரிக்காது. நியூயார்க் போய்ச் சேரும்போது டாங்கில் பாதி அப்படியே இருந்து, இறங்கும் எடை எல்லையைத் தாண்டியிருக்கலாம். இரண்டு, வழித்தடத்தைப் பிடித்துப் போகும் முறை. ஒரு டிகிரி விலகினால் முன்பைவிட நாலு மடங்கு வேகமாகத் தடத்தைவிட்டு விலகுவீர்கள், ஒரு டிகிரி திருத்தினால் நாலு மடங்கு வேகமாகத் திரும்பி வருவீர்கள். வெளிச் சுற்றின் பலம் நாலு மடங்கானதற்குச் சமம் இது. அது பாம்பு போல நெளியத் தொடங்கலாம். திருப்பமும் தரையில் நாலு மடங்கு அகலமாகும். அதனால் இதைப் பயன்படுத்துபவர் ஹெடிங் முறையில் பறந்து, எரிபொருளைக் கையால் குறைத்துக்கொள்ள வேண்டும். இடங்களைப் பார்த்துக்கொண்டு போகச் சிறு விமானம் ஓட்டுபவருக்கு இது அருமை. பயணக் கணக்கு சரியாக வர வேண்டும் என்பவருக்குச் சரிப்படாது.

நான்காவது வழி, ஆட்டோபைலட்டையே திருத்துவது. ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர் திறந்த மூல நிரல் என்பதால் அதில் இதற்கு இடம் அதிகம், விஷயமும் சுவாரசியமானது. ஃப்ளைட்கியரில் ஜேஎஸ்பிசிம் என்ற பறப்பு மாதிரி இயல்பாக நொடிக்கு 120 தடவை கணக்குப் போடுகிறது. அது விமானத்தின் நொடி. 8 மடங்கு வைத்தால் கடிகாரத்தின் ஒரு நொடிக்கு 960 தடவை போட்டுவிடும். விமானத்தின் உடம்பு இதனால் தடுமாறுவதில்லை. ஆனால் எக்ஸ்எம்எல் என்ற உரைக் கோப்பில் எழுதப்பட்ட ஆட்டோபைலட் பிரேமுக்கு ஒரு தடவைதான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 பிரேமில், உடம்பு 120 தடவை நகரும் நேரத்தில் மூளை நாலு தடவை மட்டும் யோசிக்கிறது. விமானம் ஆடுவது இந்த இடைவெளியில்தான்.

இதற்கு இரண்டு திருத்தங்கள் செய்யலாம். எளிதானது, ஆட்டோபைலட்டின் பிஐடி கட்டுப்பாட்டில் திருத்தத்தின் பலத்தைச் சொல்லும் கேபி மதிப்பைப் பாதியாகக் குறைப்பது. ஆட்டம் அடங்கும், ஆனால் 1 மடங்கில் விமானம் சோம்பலாகத் திரும்பும். குறுக்குக் காற்றில் இறங்கும்போது அந்தச் சோம்பல் உங்களுக்குப் பிடிக்காது. சரியான திருத்தம், சாய்வுக் கட்டுப்பாட்டை ஜேஎஸ்பிசிம்மின் உள்ளேயே எழுதிவிடுவது. அப்போது மூளையும் 120 தடவை ஓடும். பிரேம் குறைந்தாலும், மடங்கு ஏறினாலும் உள்சுற்று அசையாது. வழித்தடம் பார்க்கும் வெளிச் சுற்றை மட்டும் பிரேமோடு விட்டுவிடலாம், அது மெதுவான வேலை. இதற்கு ஒரு வார இறுதி முழுக்கப் போகும். சொந்தமாக விமானம் செய்பவருக்கும், எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் உள்ளவருக்கும் நான் முழு மனதோடு பரிந்துரைப்பேன். பறக்க மட்டும் வேண்டும் என்பவருக்குத் தேவையில்லை. காசு கொடுத்து வாங்கிய விமானங்களில் உள்ளே கை வைக்கவும் முடியாது.

ஐந்தாவது, வேகப்படுத்தாமலே தவிர்ப்பது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் பயணத்தின் அடுத்த கட்டத்துக்குத் தாவும் வசதி இருக்கிறது. ஆட்டோபைலட் ஆட வாய்ப்பே இல்லை. ஆனால் சிக்கலான விமானங்களின் சொந்த அமைப்புகள் இந்தத் தாவலை எதிர்பார்ப்பதில்லை. தாவிய பிறகு எரிபொருளையும், அடுத்து எந்தப் புள்ளிக்குப் போக வேண்டும் என்பதையும் நீங்களே சரிபார்க்க வேண்டும். சேமித்து வைத்து மறுநாள் தொடர்வதும் இதே வகைதான். எளிய விமானங்களில் ஒழுங்காகத் திரும்பி வரும். பெரிய விமானங்களில் எஃப்எம்சி என்ற பயணக் கணினியில் போட்ட வழித்தடம் காணாமல் போகலாம் என்பதால், முதல் தடவை ஒரு குட்டிப் பயணத்தில் சோதித்துவிட்டு நம்புவது நல்லது.

இன்னொன்றும் உண்டு: 1 மடங்கிலேயே ஓடவிட்டுத் தூங்கப் போவது. இறங்கத் தொடங்கும் இடத்துக்கு முன்பே தானாக நின்றுவிடும் வசதி பல விமானங்களில் இருக்கிறது, ஃப்ளைபைவயரிலும் இருக்கிறது. இரவு ஏறி, காலையில் எழுந்து நியூயார்க்கில் இறக்கலாம். ஆட்டோபைலட்டுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. மின்கட்டணமும் அறையின் சூடும்தான் கூடும்.

எதை எடுப்பது? மூன்று மணி நேரம் உட்கார முடிகிறவருக்கு, எந்தச் சிமுலேட்டராக இருந்தாலும், என் பதில் இரண்டாவது வழிதான். முதல் வழியையும் அதோடு சேர்த்துக்கொண்டு 60 பிரேமில் 4 மடங்கு வையுங்கள். 15 பார்வை கிடைக்கும்போது பெரும்பாலான ஆட்டோபைலட்டுகள் அசையாது. நேரான பாதையில், காற்று அமைதியாக இருந்தால், 8ஐத் தொட்டுப் பார்க்கலாம். அதுவும் பக்கத்திலேயே உட்கார்ந்து. ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் 16க்கு ஏறுவதைவிட அந்த ஒரு மணி நேரத்தில் முடிகிற பயணத்தை எடுப்பது மேல். ஹீத்ரோவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போனால் ஏற்றமும் இறக்கமும் முழுசாகக் கிடைக்கும். அட்லான்டிக்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் இரவு ஓடவிட்டுக் காலையில் இறக்குங்கள்.

எந்த வழியாக இருந்தாலும், இறங்கத் தொடங்கும் இடத்துக்கு 40 கடல் மைல் முன்பே 1க்கு வந்துவிடுங்கள். 4 மடங்கில் 40 மைல் என்பது கடிகாரத்தில் ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அதற்குள் வானிலை கேட்டு, ஓடுபாதையைத் தேர்ந்தெடுத்து, எஃப்எம்சியில் ஏற்றி, புதிய உயரத்தை வைக்க முடியாது. 1 மடங்கில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்கும், அது போதும். மடங்கைக் குறைத்த உடனேயே எதையும் தொடாதீர்கள். சாய்வும் வேகமும் அடங்கி நிற்க அரை நிமிடம் கொடுத்து, எரிபொருளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்புறம் உயரக் குமிழைத் திருப்புங்கள்.